வாசிப்பு: மிக நன்று

எங்கள் பள்ளிக்கு டேப்லெட்டுகள் வந்து சேர்ந்த வாரத்தில் பள்ளியில் குழந்தைகளே இல்லை. நவம்பர் மாதம். தில்லியில் புகையால் காற்று மோசமாகி, பள்ளிகளுக்கெல்லாம் விடுமுறை விட்டிருந்தார்கள். ஆசிரியைகள் மட்டும் முகக்கவசத்தோடு வந்து உட்கார்ந்திருந்தோம். வெறிச்சோடிக் கிடந்த மூன்றாம் வகுப்பில் நான்தான் அட்டைப்பெட்டிகளைப் பிரித்தேன். இருபத்திரண்டு டேப்லெட்டுகள். ஒவ்வொன்றுக்கும் தடியான நீல ரப்பர் உறை, காதில் மாட்ட ஒரு ஹெட்போன். எல்லாவற்றையும் சார்ஜ் போட்டு வைக்கப் பூட்டுடன் ஓர் இரும்பு அலமாரி. அந்த அலமாரியின் சாவி அன்றிலிருந்து என் கைப்பையில் இருந்தது.

ஓர் அறக்கட்டளை இலவசமாகக் கொடுத்தது. முதலில் மூன்றாம் வகுப்பில் ஒரு பிரிவில் தமிழ் வாசிப்புக்கு மட்டும் வைத்துப் பார்ப்பது, நன்றாகப் போனால் நான்கு, ஐந்துக்கும் தருவது என்று ஏற்பாடு. அந்தப் பிரிவு என்னுடையது.

தில்லியில் தமிழ் டீச்சராக இருப்பது என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பா மத்திய அரசில் குமாஸ்தா வேலை கிடைத்து இங்கே வந்தவர். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, அங்கிருந்தே கல்யாணமாகிப் போனவள் நான். இந்தப் பள்ளியில் பத்தொன்பது வருஷமாகத் தமிழ் சொல்லித் தருகிறேன். அத்தனை வருஷத்தில் சக ஆசிரியைகள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி, "அடுத்தது உங்க தமிழ் பீரியட்தானே, கணக்குக்குக் கொஞ்சம் கொடுங்களேன்" என்பதுதான். நானும் கொடுத்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் தமிழ் பேசி, தெருவில் இந்தி பேசி வளர்கிற பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து என்றால் பாகற்காய். பெற்றோரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை.

டேப்லெட் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. என் வகுப்பு ஜன்னலில் மற்ற வகுப்புப் பிள்ளைகள் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து, "எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாங்க" என்றார். அதிகம் படித்த சின்ன வயசு டீச்சர் அவர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன், ரொம்பவே சந்தோஷமாக இருந்தது.

அந்தச் செயலியில் ஐந்தாறு வரியில் ஒரு சின்னக் கதை வரும். படித்து முடித்தபின் நாலு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நாலு பதில்கள். சரியானதைத் தொட்டால் ஒரு கிளி இறக்கையை அடித்துக் கைதட்டும். தெரியாத சொல் வந்தால் அதன் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஹெட்போனில் ஒரு பெண் குரல் அந்தச் சொல்லை வாசித்துக் காட்டும். என்னிடம் இருந்த டேப்லெட்டில் எல்லாப் பிள்ளைகளின் நிலையும் தெரியும். நன்றாகப் படித்தால் பச்சை, நடுத்தரம் என்றால் மஞ்சள், தேறாவிட்டால் சிவப்பு. யார் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள் என்று ஓரத்தில் ஒரு வரிசையும் இருக்கும்.

ஜனவரியில் எப்போதும் பச்சையாக இருந்தது ஒரே ஒரு பெண்தான். எட்டு வயசு. அவள் அம்மா பெரிய வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைப்பவர். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். குடிசைப் பகுதியில் ஒற்றை அறையில் இருந்தார்கள். அப்பா கட்டட வேலை. அரசாங்க அதிகாரிகளின் பிள்ளைகளெல்லாம் மஞ்சளிலும் சிவப்பிலும் தடுமாறிக்கொண்டிருக்க, இவள் மட்டும் பச்சை. நன்றாகப் பேசுவாள். ஏதாவது ஒன்றைக் கேட்டால் கதை மாதிரிச் சொல்வாள். அந்தக் குளிரில் கம்பளிக் கையுறையைக் கழற்றாமல் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்து, "மேம், ஹேங் ஹோ கயா!", நின்றுவிட்டது என்று கத்தும் பிள்ளைகளுக்கு நடுவே, இவள் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, விரல்களை வாயருகே கொண்டுபோய் ஊதிச் சூடேற்றிக்கொண்டு, தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பாள். நேர வரிசையில் எல்லோரையும்விட அவளுக்குத்தான் அதிகம். மற்றவர்கள் எட்டு நிமிஷத்தில் முடிப்பதற்கு அவளுக்கு இருபது நிமிஷம் ஆகும். நிதானமாகப் படிக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தலைமை ஆசிரியை அந்தப் பச்சையைப் பார்த்துப் பூரித்துப்போனார். அறக்கட்டளையிலிருந்து பார்வையிட வருவதாகச் சொல்லியிருந்தார்கள். "இந்தப் பொண்ணையே உக்கார வைச்சுக் காட்டலாம். இப்படிப்பட்ட குடும்பத்துலேர்ந்து வந்த குழந்தை, எவ்வளவு நல்லாப் படிக்கிறா! அவங்க இதைத்தான் பாக்கணும்" என்றார். இன்னொன்றும் சொன்னார். எல்லாம் நன்றாக நடந்தால் மற்ற பள்ளி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்க என்னை அனுப்பப் போகிறார்களாம். மைக் பிடித்து நான் பேச வேண்டுமாம். பத்தொன்பது வருஷத்தில் என்னை யாரும் எதையும் பேசச் சொன்னதில்லை.

அவர்கள் வருவதற்கு ஐந்து நாள் முன்னால் இது நடந்தது. முந்தைய நாள் முழுக்க மின்சாரம் இல்லாததால் டேப்லெட்டுகள் சார்ஜ் ஏறாமல் கிடந்தன. பிள்ளைகளைச் சும்மா வைத்திருக்க முடியாதே என்று பழைய துணைப்பாடப் புத்தகங்களை எடுத்தேன். ஒவ்வொருவராக என் மேஜைக்கு அழைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னேன். மற்றவர்கள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒரே சத்தம்.

அவள் முறை வந்தது. ஆற்றில் யானை குளிக்கும் படம் போட்ட பக்கத்தைத் திறந்து வைத்தேன். அவள் வலது கை ஆள்காட்டி விரலை முதல் சொல்லின் மேல் வைத்தாள். அழுத்தினாள். நகத்தின் நுனி வெளுக்கிற அளவுக்கு அழுத்திக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்துக் காத்திருந்தாள்.

காகிதம் பேசவில்லை.

ஒரு கணம்தான். சட்டென்று விரலை எடுத்துவிட்டாள். படத்தைப் பார்த்தாள். பிறகு நிறுத்தாமல் சொல்ல ஆரம்பித்தாள். "ஒரு யானை ஆத்துக்குக் குளிக்கப் போச்சு. தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சு. முதல்ல ஒரு காலை வச்சுது, அப்புறம் பயந்து எடுத்துடுச்சு. அதோட அம்மா, ஜல்தி ஜல்தி இறங்குன்னு சொல்லுச்சு..."

புத்தகத்தில் இருந்தது வேறு. 'யானை பெரிய விலங்கு. அது காட்டில் வாழும்' என்று ஏழு வரி. அவள் சொன்னது புத்தகத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. ஆனால் அதில் ஒரு சொல்கூட அவள் படித்தது இல்லை. 'யானை' என்பதைக்கூட அவள் படத்திலிருந்துதான் எடுத்தாள்.

எல்லாம் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. டேப்லெட்டில் ஒவ்வொரு சொல்லாக அழுத்திக் கேட்கிறாள். கேள்வியையும் கேட்கிறாள், பதில்கள் நாலையும் கேட்கிறாள். கேட்டதை மனசில் வைத்துக்கொண்டு சரியானதைத் தொடுகிறாள். அதற்குத்தான் இருபது நிமிஷம். அபாரமான காது, அபாரமான ஞாபகம். எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. அவள் சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"வெரி குட். போய் உக்காரு" என்றேன்.

அவள் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். தப்பித்தோம் என்று மூச்சு விடுகிற குழந்தையைப் பார்த்தால் தெரியாதா என்ன? அவள் என்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு இடத்துக்குப் போனாள்.

மறுநாள் தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிடலாம் என்றுதான் அவர் அறைக்குப் போனேன். அவர் அந்தப் பெண்ணைப் பற்றி ஓர் அறிக்கை தயார் செய்துகொண்டிருந்தார். "வாங்க, வாங்க. உங்க பேரையும் போட்டிருக்கேன், ஸ்பெல்லிங் சரியான்னு பாருங்க" என்று திரையை என் பக்கம் திருப்பினார். பார்த்தேன். சரியாக இருந்தது. "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பார்வையிட வருபவர்கள் வந்துவிட்டுப் போகட்டும், அப்புறம் தினமும் ஒரு மணி நேரம் அவளோடு உட்கார்ந்து எழுத்து சொல்லித் தந்துவிடலாம், எட்டு வயசுதானே, இரண்டு மாசத்தில் பிடித்துக்கொள்வாள் என்று தாழ்வாரத்தில் நடந்தபடியே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அவர்கள் நாலு பேர் வந்தார்கள். மூன்று பேருக்குத் தமிழ் தெரியாது. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சொல் சொல்லாக அழுத்தி, கேட்டு, உரக்கத் திருப்பிச் சொன்னாள். அவர்கள் காதில் அது வாசிப்பதாகத்தான் விழுந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் கிளி கைதட்டியது. அவர்களும் கைதட்டி, அவளைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நாலாவது ஆள் தமிழ் தெரிந்த ஒரு வயதான அம்மா. அவர் அவள் பக்கத்தில் குனிந்து, "ஹெட்போனைக் கழட்டிட்டு எனக்காக ஒரே ஒரு வரி படிச்சுக் காட்டுறியாம்மா?" என்று கேட்டார்.

அவள் கை ஹெட்போன் மேலேயே நின்றுவிட்டது.

நான் முன்னால் போனேன். "அவளுக்கு ரெண்டு நாளா ஜலதோஷம் மேடம், தொண்டை சரியில்லை. இவ்வளவு நேரம் பேசினதே பெரிசு" என்றேன். அவள் உடனே இருமினாள். அவளுக்கு அன்று நிஜமாகவே கொஞ்சம் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த அம்மா, "ஐயோ பாவம், வேண்டாம் வேண்டாம்" என்று அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அதுவரை நான் சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் பொய் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அவள் அம்மா பள்ளி விடும் நேரத்தில் வந்து நின்றார். கையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய ஒரு பெரிய கட்டு முருங்கைக்கீரை. நான் வேண்டாம் வேண்டாம் என்றாலும் என் கையில் திணித்தார்.

"வாங்கிக்குங்க டீச்சர். ஸ்கூல் குரூப்புல இதோட போட்டோ வந்துச்சே, அத நான் வேலை செய்யற வீட்டு மேம்சாப்கிட்டக் காட்டுனேன். 'அரே, யே துமாரி பேட்டி ஹை?'ன்னு, இது உம் பொண்ணான்னு கேட்டாங்க. எனக்கு அழுவாச்சியே வந்திருச்சு. எனக்கும் எழுத்து தெரியாது, இவங்கப்பாவுக்கும் தெரியாது. எங்க வூட்டுல மொத மொதல்ல படிக்கிறது இதுதான்."

அவள் அம்மாவின் பின்னால் நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கீரையை வாங்கிக்கொண்டேன். அன்று அடை செய்தேன். வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார்கள். நான் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

அந்த ஒரு மணி நேரம் வரவே இல்லை. ஒரு நாள் ஸ்டாஃப் மீட்டிங், ஒரு நாள் விளையாட்டு விழா ஒத்திகை. நான் கூப்பிட்ட இரண்டு தடவையும் அவள், "அம்மா காத்துட்டு இருப்பாங்க மேம்" என்று நழுவிவிட்டாள். அவள் நழுவியதில் எனக்கு ஒரு நிம்மதி. அதுதான் உண்மை. மார்ச் மாதம் வந்தது. மதிப்பெண் அட்டையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வகுப்பாசிரியை கையால் ஒரு வரி எழுத வேண்டும். அவளுடையதில் 'வாசிப்பு: மிக நன்று' என்று நீல மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் நான்காம் வகுப்புக்குப் போனாள். அங்கேயும் டேப்லெட்டுகள் போயின. அங்கேயும் அவள் பச்சைதான். நான் மூன்று பள்ளிகளில் போய் மைக் பிடித்துப் பேசினேன். திரையில் ஆளுயரத்துக்கு அவள் போட்டோ.

பேசிவிட்டு வருகிற ஒவ்வொரு முறையும் உறுத்தும். அந்த உறுத்தலில் ஒரு வேலை செய்தேன். சனிக்கிழமை காலையில் வாசிப்பு வகுப்பு ஒன்று ஆரம்பித்தேன். பெற்றோருக்குத் தமிழில் அச்சடித்த அறிவிப்பு கொடுத்து அனுப்பினேன். நான்காம் வகுப்புக்குப் போய் அவள் கையிலும் ஒன்றைக் கொடுத்து, "அம்மாகிட்டக் கண்டிப்பாக் காட்டணும்" என்றேன். பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். அவள் வரவில்லை. நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், வராதது அவர்கள் பாடு என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் காகிதத்தை அவள் வீட்டில் யார் படித்திருப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

ஐந்தாம் வகுப்பில் வினை வந்தது. பெரிய பிள்ளைகள் தாங்களே படிக்கட்டும் என்று அந்த வகுப்புப் பாடங்களில் அழுத்தினால் வாசிக்கும் வசதியை எடுத்துவிட்டிருந்தார்கள். ஒரே வாரத்தில் அவள் பச்சையிலிருந்து சிவப்புக்குப் போனாள். ஐந்தாம் வகுப்பு டீச்சர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கையில் அவளுடைய பழைய மதிப்பெண் அட்டை இருந்தது. "மூணாவதுல மிக நன்றுன்னு போட்டிருக்கு. உங்க மாடல் ஸ்டூடெண்ட் இல்லையா அவ? இப்பப் புத்தகத்தைக் குடுத்தா மரம் மாதிரி நிக்கறா. கொழுப்பு. போட்டோ எல்லாம் வந்ததும் தலைக்கேறிடுச்சு" என்று ஸ்டாஃப் ரூமில் என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார். அவளைத் தினமும் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். தாழ்வாரத்தில் புத்தகத்தைத் திறந்து பிடித்தபடி அவள் நிற்பதைக் கடந்து நான் பல தடவை போயிருக்கிறேன். அவளும் நிமிரமாட்டாள், நானும் நிற்கமாட்டேன்.

ஆகஸ்டில் ஒரு நாள், புழுக்கம் தாங்க முடியாத மத்தியானம், அவள் அம்மா கேட்டருகில் என்னைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாம் வகுப்பு டீச்சர் வரச் சொல்லிப் பேசி அனுப்பியிருந்தார். அவள் சற்றுத் தள்ளிக் குடிதண்ணீர்க் குழாயருகே முதுகுப்பையோடு நின்றிருந்தாள். கன்னம் சிவந்திருந்தது.

"நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்று ஆரம்பித்தார். "உங்ககிட்ட எப்பிடிப் படிச்சா! உங்க கையால எழுதிக் குடுத்தீங்களே, அதப் பிளாஸ்டிக் கவர் போட்டு வச்சிருக்கேன். இப்ப என்னா கேடு வந்துச்சு இதுக்கு? வாயத் தொறக்க மாட்டேங்குது. வேணும்னே பண்ணுதாம். அடிச்சும் பாத்துட்டேன். படிக்கலன்னா நாளையிலேர்ந்து எங்கூட வா, பாத்திரம் தேய்னு சொல்லிட்டேன்."

"அவளை அடிக்காதீங்க" என்றேன். "அவ வேணும்னு பண்ணலை. அவளுக்குப் படிக்கத் தெரியாது."

"இப்பப் புதுசாத் தெரியாமப் போயிடுமா?"

"அப்பவும் தெரியாதும்மா."

அவருக்குப் புரியவில்லை. "அப்ப அந்தப் போட்டோ? அத்தினி பேரு முன்னாடி படிச்சாளே?"

நான் சொன்னேன். எழுத்தை அழுத்தினால் டேப்லெட்டே படித்துக் காட்டும், அதைக் கேட்டுத்தான் அவள் சொன்னாள், அவளாக ஒரு வரியும் படிக்கவில்லை என்று.  அவர் மெதுவாகக் கேட்டார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும் டீச்சர்?"

இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"அந்தப் போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடியே தெரியும்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. "நான் படிக்காதவ. எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். அப்புறம் திரும்பிப் பார்த்து, "சனிக்கிழமை ஏதோ கிளாஸ்னு பக்கத்து வூட்டுப் புள்ளைங்க போச்சுங்க. உனக்கு இல்லியான்னு கேட்டேன். ஸ்கூல்ல குடுத்த பேப்பர எடுத்து விரல வச்சுப் படிச்சா. நம்ம கிளாசுக்கு சனிக்கிழமை லீவுன்னு போட்டிருக்குன்னு சொன்னா. நானும் நம்பிட்டேன்" என்றார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அடித்த கையால் அவளது முதுகுப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டதைப் பார்த்தேன்.

மறுநாள் முதலில் தலைமை ஆசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் வேற பொண்ணை உக்கார வைச்சிருப்பேனே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும் விஷயம். பிறகு ஐந்தாம் வகுப்பு டீச்சரிடம் போனேன். அவரிடமும் சொன்னேன். "நான் அவளை வெளியில நிக்க வைச்சேனே" என்றார். "என் எழுத்தைப் பாத்துத்தானே வைச்சீங்க" என்றேன்.

கடைசி மணி அடித்ததும் அவளை நூலகத்துக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறைக்குக் கூட்டிப் போனேன். உடைந்த கரும்பலகைகளும் பழைய வரைபடங்களும் கிடக்கிற அறை. இரண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். யானைக் கதை சொன்னியே, அன்னிக்கே எனக்குத் தெரியும், நீ படிக்கலைன்னு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். 

"நான் இருமினப்பவும் தெரியுமா மேம்?"

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள். "கண்டுபுடிச்சிடுவீங்கன்னு தெனமும் பயமா இருக்கும். உங்களப் பாத்தா வயிறு வலிக்கும். அதான் பாத்ரூம் போறேன்னு போயிடுவேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "தெரியும்னு சொல்லியிருந்தீங்கன்னா பயப்படாம இருந்திருப்பேன்ல மேம்?"

குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. ஒரு சந்தேகத்தைக் கேட்பது மாதிரிக் கேட்டாள். நான் என்ன செய்தேன் என்பது எனக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. அவளுக்குப் படிப்பு போனதுதான் நஷ்டம் என்று அதுவரை நினைத்திருந்தேன். எட்டு வயசிலிருந்து பத்து வயசு வரை ஒரு குழந்தை, எனக்குத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்துகொண்டே பள்ளிக்கு வந்திருக்கிறாள். "மன்னிச்சுக்கோ" என்றேன். பெரியவர்கள் அப்படிச் சொன்னால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டினாள்.

அதன்பின் மார்ச் வரை தினமும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். சுலபமாக வரவில்லை. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் அவமானப்பட்டு மூடிவைப்பாள். 'கெ'வில் கொம்பு முன்னால் இருக்கிறது, ஆனால் ஒலி பின்னால் வருகிறது என்பது அவளுக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. "முன்னாடி எழுதிட்டுப் பின்னாடி படிக்கணும்னா எப்பிடி மேம்?" என்று சண்டைக்கு வந்தாள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவளைக் கதை சொல்லச் சொன்னேன். அவள் சொல்லச் சொல்ல, அவள் பேச்சை அப்படியே, ஜல்தி, அச்சா என்று இடையில் வரும் இந்தி எல்லாம் சேர்த்து, பெரிய எழுத்தில் எழுதினேன். மறுநாள் அதையே அவள் முன்னால் வைத்தேன். தான் சொன்னதுதான் என்பதால் பாதி ஞாபகத்தில் வரும். மீதியை எழுத்துக் கூட்டிப் பிடிக்க வேண்டும். சில நாள் நான்கு வரி வரும். சில நாள் ஒரு வரியோடு அழுதுவிடுவாள். அவள் அம்மா வேலை முடிந்து வந்து வெளியே படிக்கட்டில் காத்திருப்பார். உள்ளே வாருங்கள் என்றால் வரமாட்டார். வணக்கம் சொன்னால் பதிலுக்குச் சொல்வார். அதற்கு மேல் பேசமாட்டார்.

அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவள் போட்டோவை எங்கேயும் பயன்படுத்த வேண்டாம், அந்தப் பெண் அன்று வாசிக்கவில்லை என்று காரணத்தோடு எழுதினேன். போட்டோவை எடுத்துவிட்டதாக ஒரு வரி பதில் வந்தது. பயிற்சிக்கு என்னை அதன்பின் கூப்பிடவில்லை.

டேப்லெட்டுகள் இப்போதும் என் வகுப்பில் இருக்கின்றன. அவற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கண் பார்வை குறைந்த ஒரு பிள்ளை போன வருஷம் அந்தக் குரலைக் கேட்டுத்தான் பாடங்களைப் படித்தது. அந்த நேர வரிசை எப்போதும் என் கண் முன்னால்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் இருந்தது நான்தான். இப்போது புதன்கிழமைகளில் அலமாரியைத் திறப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்காரவைத்துக் காகிதத்தில் வாசிக்கச் சொல்கிறேன்.

அவள் இப்போது ஏழாம் வகுப்பு. படிக்கிறாள், மெதுவாக. மற்றவர்கள் முன்னால் உரக்க வாசிக்கச் சொன்னால் இன்னும் உள்ளங்கை வேர்க்கிறதாம். அவள் தமிழ் டீச்சர் சொன்னார். தாழ்வாரத்தில் என்னைப் பார்த்தால் "வணக்கம் மேம்" என்பாள். நின்று பேசுவதில்லை. நானும் நிறுத்துவதில்லை.

இந்த ஏப்ரலில் அவள் தங்கை மூன்றாம் வகுப்புக்கு வந்தாள். பெயர்ப் பட்டியலில் என் பிரிவில் இருந்தாள். இரண்டாம் நாள் தலைமை ஆசிரியை கூப்பிட்டு, தயங்கித் தயங்கி ஒரு காகிதத்தைக் காட்டினார். அவள் அம்மா வந்து, சின்னவளை வேறு பிரிவில் போடும்படிக் கேட்டிருக்கிறார். காரணம் எதுவும் சொல்லவில்லையாம். "நான் பேசிப் பாக்கட்டுமா? நீங்க பெரியவளுக்கு அவ்வளவு பண்ணியிருக்கீங்க" என்றார் தலைமை ஆசிரியை.

"வேண்டாம், அவங்க கேட்டது சரிதான்" என்றேன். வகுப்பாசிரியை கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வகுப்புக்குத் திரும்பி வந்து அந்தக் குழந்தையின் பையில் புத்தகங்களை எடுத்து வைத்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பக்கத்து அறையிலிருந்த மற்றப் பிரிவில் விட்டேன். முன் பெஞ்சில் ஜன்னலோரமாக ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே உட்கார வைத்துவிட்டு வந்தேன்.